ஒன்றுபோல் ஒன்பது தப்பு

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆறு மாதமாகக் குறிப்பு எழுதியே பழகிய கை, பரீட்சை முடிந்த பிறகும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் மளிகைக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் பிரித்தேன். பாதி வருஷம் வீணாகப் போயிருக்கிறது. பரவாயில்லை, மீதிப் பாதி எனக்கு நல்ல பாதி.

முதல் பக்கம் என்பதால் முறையாக ஆரம்பிக்கிறேன். தமயந்தி, வயது முப்பத்தொன்று, பி.எஸ்சி. கணிதம், பட்டுக்கோட்டை. வீட்டுக்காரர் மதியழகன், ஏ.சி. மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அரசு வேலைக்கான தேர்வு எழுதிவிட்டு வந்தோம். இருநூறு கேள்வி. நான் நன்றாக எழுதியிருக்கிறேன். இதில் அடக்கம் காட்ட என்ன இருக்கிறது? அவரும் நன்றாகத்தான் எழுதியிருப்பார், ஏனென்றால் அவருக்குப் பாடம் எடுத்தது நான்.

அவர் தேறியே ஆக வேண்டும். தேறாவிட்டால் மஸ்கட். என் நாத்தனார் வீட்டுக்காரர் சிங்காரவேல் அண்ணன் அங்கே ஒரு ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசர். இவருக்கு விசா தயாராக வைத்திருக்கிறார், ஒப்பந்தம் மூன்று வருஷம். இந்த மாசம் இருபத்தேழாம் தேதிக்குள் பாஸ்போர்ட் நகல் அனுப்ப வேண்டுமாம். தேர்வில் தேறுகிற மாதிரி இருந்தால் போக வேண்டாம், இல்லையென்றால் போவது. இது பரீட்சைக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. முடிவைச் சொன்னது நான், எல்லோரும் சரி என்றார்கள்.

மூன்று வருஷம் என்னால் அவரை விட்டுவிட்டு இருக்க முடியாது. இதை அவரிடம் சொல்லவில்லை, டைரியில் மட்டும்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு சான்றிதழாவது வாங்கி வைப்போம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேக்கரி மாடியில் நடக்கும் இலவச கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பைத்தான் என்று ஒரு மொழி. கம்ப்யூட்டருக்கு நாம் சொல்வது புரியும்படி எழுதுவது. கீழே பன் வேகிற வாசனை வந்துகொண்டே இருக்கிறது, யாருக்கும் பாடத்தில் மனசு நிற்காது. எனக்கு நின்றது.

சொல்லித் தருகிற பிரிஸில்லா மேடத்துக்கு இருபத்துநான்கு வயது. என்னை ‘அக்கா’ என்கிறது, நான் அதை ‘மேடம்’ என்கிறேன். முதல் நாளே ஒரு கணக்குக்கு விடை சொன்னேன். “அக்கா, நீங்க ரொம்ப வேகம்”, என்றது. அதில் ஏதோ உள்குத்து இருந்த மாதிரி பட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கல்லூரியில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். பேட்டரி செத்துப்போய்விட்டது. கரண்ட் இருந்தால்தான் உயிர். காலையில் இரண்டு மணி நேரம் எழுதியதெல்லாம் கரண்ட் போனதும் போய்விட்டது. மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே சாம்பார் வைத்தேன், உப்பு கூடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் எப்போதுமே ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆகஸ்ட் 17, சனி

உத்தேச விடைப் பட்டியல் வந்துவிட்டது. எல்லோரும் அதைக் ‘கீ’ என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஏதாவது விடை தப்பு என்று பட்டால் பாடப்புத்தகப் பக்கத்தோடு ஒரு வாரத்துக்குள் ஆட்சேபம் அனுப்பலாம்.

வினாத்தாளிலேயே நாங்கள் போட்ட விடைகளைக் குறித்து வந்திருக்கிறோம். ஊரில் மற்றவர்கள் எல்லாம் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்து எண்ணுகிறார்கள். நான் எண்ணமாட்டேன். நாளைக்கு வகுப்பில் இரண்டு பட்டியலை ஒப்பிடுகிற ஃபங்ஷன் எழுதச் சொல்லித் தரப்போகிறார்கள். அதில் போட்டுத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?

அவர் தன் வினாத்தாளையும் போனையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியின் மிதவை சரியில்லையாம். இறங்கிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. “சரியாயிடுச்சா?” என்று கேட்டேன். “எது?” என்றார். அவருக்கு மறதி ஜாஸ்தி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஃபங்ஷன் என்றால் பெரிய விஷயமில்லை. ஒரு வேலையை ஒருமுறை சொல்லிக்கொடுத்துப் பேர் வைத்துவிட்டால், பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அந்த வேலையைச் செய்யும். பேர் தமிழிலேயே வைக்கலாம் என்று மேடம் சொன்னதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது.

def ஒப்பிடு(என்_விடை, சரி_விடை):

அதாவது என் விடைப் பட்டியல், சரியான விடைப் பட்டியல் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒப்பிட்டுச் சொல். பத்து விடை கொடுத்துப் பார்த்தேன். “எல்லாம் சரி” என்று வந்தது. வகுப்பிலேயே முதலில் முடித்தவள் நான்தான்.

மேடம் வந்து பார்த்துவிட்டு என் பட்டியலில் கடைசி ஒன்பது விடையையும் மாற்றிவிட்டு ஓட்டியது. அப்போதும் “எல்லாம் சரி”.

“முதல் விடையப் பாத்த உடனே பதில் சொல்லிட்டுக் கிளம்பிடுதுக்கா. மிச்சத்தப் பாக்கவே இல்ல. பாருங்க, ரிட்டர்ன உள்ளயே வச்சிட்டீங்க.”

ரிட்டர்ன் என்றால் ‘பதிலைச் சொல்லிவிட்டுப் போ’ என்று அர்த்தம். அந்த வரியை எல்லாம் பார்த்து முடித்த பிறகு வைக்க வேண்டுமாம். முதல் கேள்வி சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தானே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இருநூறுக்கு இருநூறு.

நிதானமாக எழுதுகிறேன். ஃபங்ஷனைப் புதிதாக எழுதினேன். மொத்த மதிப்பெண் சொல்லும்படி. இதுதான் அது:

for விடை in என்_விடை:
    if விடை in சரி_விடை:
        மதிப்பெண் = மதிப்பெண் + 1

என் விடை ஒவ்வொன்றையும் எடு, சரியான பட்டியலில் இருந்தால் ஒரு மதிப்பெண் கூட்டு. அவ்வளவுதான், குழந்தைக்கும் புரியும். அவர் வாசிக்க வாசிக்க நான் இருநூறு விடையையும் தட்டினேன். ஓட்டினால் இருநூறு. அவருடையதைப் போட்டால் நூற்றுத் தொண்ணூற்றாறு. ‘விடை தெரியவில்லை’ என்று நான்கு இடத்தில் அவர் ஐந்தாவது கட்டமான ‘ஈ’யை நிரப்பிவிட்டு வந்திருக்கிறார், அந்த நாலுதான் போச்சு. நான் ஒரு ‘ஈ’ கூடப் போடவில்லை. தெரியவில்லை என்று எழுதிக்கொடுப்பதற்கா பரீட்சைக்குப் போவது?

“தமயந்தி, கொஞ்சம் பொறு”, என்றார் அவர். “ரெண்டு பேரும் இவ்வளவு எடுக்க முடியாதும்மா. யாருகிட்டயும் சொல்லாத.”

“நீங்க உங்களையே நம்பமாட்டீங்க. அதான் உங்க பிரச்சினை.”

அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னேன். அத்தை எதிர்வீடு, பக்கத்துவீடு, மாவு மில் எல்லா இடத்திலும் சொல்லிவிட்டுவந்து கேசரி கிண்டினார்கள். நான் சிங்காரவேல் அண்ணனுக்குப் போன் போட்டு, “அவரு வரமாட்டாருண்ணே, விசாவ வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க”, என்றேன். “மாப்ள என்ன சொல்றாரு?” என்று கேட்டார். “அவரும் அதையேதான் சொல்றாரு”, என்றேன். அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். டைரி வாங்கியது பொய் எழுதுவதற்கில்லை.

காலையில் பேக்கரி மாடிக்குப் போய் மேடத்திடம் ஃபங்ஷனைக் காட்டினேன். பாராட்டும் என்றுதான் போனேன். அது பார்த்துவிட்டு, “அக்கா, இருநூறு இடத்துலயும் ஏ போட்டு ஓட்டுங்க”, என்றது. ஓட்டினேன். இருநூறு. எல்லாம் பி போட்டேன். அதற்கும் இருநூறு.

“உங்க ஃபங்ஷன் என்ன கேக்குதுன்னா, இந்த ‘ஏ’ அந்தப் பட்டியல்ல எங்கயாச்சும் இருக்கான்னு கேக்குது. இருநூறு விடைல எங்கயாச்சும் ஒரு ஏ இருக்கத்தானக்கா செய்யும்? நீங்க கேக்க வேண்டியது, ஒண்ணாவது கேள்விக்கு நான் சொன்னதும் ஒண்ணாவதுக்கு அது சொன்னதும் ஒண்ணான்னு. அந்தந்த இடத்துல வச்சுப் பாக்கணும்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனையில் மாவு மில்காரர், “என்னம்மா, கலெக்டர் ஆயிட்டியாமே”, என்றார். சிரித்துவைத்தேன். வீட்டில் மிச்சக் கேசரி இருந்தது. தின்னப் பிடிக்கவில்லை, இருந்தாலும் தின்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

சரியான ஃபங்ஷன் எழுதிவிட்டேன். இம்முறை சந்தேகமில்லை. எல்லாம் ஏ போட்டுப் பார்த்தேன், நாற்பத்துச் சொச்சம் வந்தது. அப்படித்தான் வர வேண்டும்.

என் மதிப்பெண் நூற்று எழுபது. அவருக்கு நூற்று அறுபத்தைந்து. எங்கள் பிரிவுக்குக் கட்-ஆஃப் நூற்று அறுபத்தெட்டில் நிற்கும் என்று கோச்சிங் சென்டர்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

எனக்கு வேலை கிடைத்துவிடும். அவர் மூன்றில் போனார்.

“சரி”, என்றார். அவ்வளவுதான். எழுந்து பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து டி.வி. மேல் வைத்தார். ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்த மாதிரி ஒரே கையில் எடுத்தார். அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

சிங்காரவேல் அண்ணனுக்குத் திரும்பவும் நானே போன் போட்டேன். வேறு யார் போடுவது? “விசாவக் குடுத்துடாதீங்கண்ணே, அவரு வர்றாரு”, என்றேன். அவர் சிரித்தார். “ஏம்மா, மாப்ளைக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?” என்று கேட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

நான் ஏன் அழுதுகொண்டிருக்கிறேன்? கீ தப்பாக இருக்கலாமே. மூன்று விடைக்கு ஆட்சேபம் அனுப்பித் திருத்தவைத்தால் அவர் தேறிவிடுவார். எனக்குத் தப்பு என்று காட்டிய முப்பதையும் எடுத்துவைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் எனக்குச் சந்தேகமே இல்லாத கேள்விகள். உதாரணம்: அரசியலமைப்பின் எழுபத்து மூன்றாவது திருத்தம் எதைப் பற்றியது? நகராட்சி. எழுபத்து நான்கு ஊராட்சி. நான் பஸ்ஸை வைத்து மனப்பாடம் பண்ணிய கேள்வி இது. எங்கள் ஊர் பஸ் முதலில் டவுனில் கிளம்பும், பிறகுதான் கிராமத்துக்குப் போகும். அதனால் முதல் நம்பர் டவுன், அடுத்த நம்பர் கிராமம். இது எப்படித் தப்பாகும்?

அவரும் இதையேதான் போட்டிருக்கிறார். இரண்டு பேருமா தப்பு செய்வோம்?

நாளைக்கு நூலகம் போகிறேன். பக்கம் பக்கமாகக் கொண்டுவந்து போடுகிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எழுபத்து மூன்று ஊராட்சி. எழுபத்து நான்கு நகராட்சி. புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

பழைய பதிப்பாக இருக்கும் என்று புதியதை எடுத்தேன். அதிலும் அதுதான்.

இன்சுலினைச் சுரப்பது கணையத்தின் பீட்டா செல். நான் ஆல்ஃபா என்று வைத்திருந்தேன். இன்சுலின்தான் பெரிய ஆள், அதனால் முதல் எழுத்து அதற்குத்தான் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். “எங்கப்பாவுக்குச் சக்கர இருந்தப்ப டாக்டர் பீட்டான்னு சொன்ன ஞாபகம்”, என்றார் அவர். “டாக்டரு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் காலைல வாங்கிட்டு வரச் சொன்ன கொத்தமல்லி மட்டும் ஞாபகம் இருக்காது”, என்றேன். சிரித்துவிட்டு ஆல்ஃபா என்று எழுதிக்கொண்டார்.

ஆறு கேள்விக்கு மேல் பார்க்கவில்லை. தலைவலி. நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை, அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 24, சனி

துணி துவைத்தேன். அரிசி புடைத்தேன். அவர் சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்தேன். மஸ்கட்டில் யார் தைத்துக்கொடுப்பார்கள்?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்றைக்கு வகுப்பில் இரண்டு பட்டியலில் எது எதெல்லாம் ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று பிரித்துச் சொல்லும் ஃபங்ஷன். பயிற்சிக்கு மேடம் பழப் பேர்களும் காய்கறிப் பேர்களும் கொடுத்தது. நான் என் விடையையும் அவர் விடையையும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் ஒரே விடை போட்டு, அது கீயோடு ஒத்துப்போகாத கேள்விகளை மட்டும் காட்டு என்றேன். ஒன்பது கேள்வி எண் வந்தது.

ஒவ்வொன்றாக வினாத்தாளில் தேடிப் படித்தேன். ஊராட்சி இருந்தது. இன்சுலின் இருந்தது. காங்கிரஸின் முதல் மாநாடு பம்பாய் என்று அவர் சொன்னதும், கல்கத்தா என்று நான் சண்டை போட்டதும் இருந்தது. ஒன்பதுக்கும் எனக்கு அந்தந்த நாள் நினைவு வந்தது. ஒன்பதிலும் அவர் முதலில் சரியாகத்தான் சொன்னார். நான்தான் மாற்றினேன். ஒன்றில் நோட்டைப் பிடுங்கி அவர் எழுதியிருந்ததை அடித்து, பக்கத்தில் என் விடையைச் சிவப்பில் எழுதினேன்.

மூன்றுதான் குறைந்தது. நான் ஒன்பது பிடுங்கியிருக்கிறேன்.

“அக்கா, என்னாச்சு, எரர் வருதா?” என்று மேடம் கேட்டது. “இல்ல, சரியா ஓடுது”, என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். நாங்கள் வேறு வேறு விடை போட்ட கேள்விகளையும் எடுத்தேன். கணக்கில் எல்லாம் நான்தான் சரி, அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. கணக்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒன்பதில் நான் சரி, பத்தொன்பதில் அவர் சரி. தண்ணீர் எந்த வெப்பநிலையில் ரொம்ப அடர்த்தியாக இருக்கும் என்று ஒரு கேள்வி. பூஜ்ஜியம் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் நாலு டிகிரி போட்டிருக்கிறார். ஃபிரிட்ஜைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர், அதில் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அதுதான் சரி.

அவர் என் பேச்சைக் கேட்காத இடத்திலெல்லாம் பிழைத்திருக்கிறார். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.

அவர் தலை துவட்டிக்கொண்டு, “டீ போடட்டா?” என்றார். சொல்ல வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு வாய் வராதது இன்றைக்குத்தான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது அவரும் வந்தார். லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோக முடியாது, அதனால் ஒன்பது எண்ணையும் வாயாலேயே சொன்னேன். வரிசை தப்பாமல் சொன்னேன். எல்லாம் என்னால்தான் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, அவர் கையிலிருந்த பெட்ஷீட்டிலேயே முகத்தைத் துடைத்தேன்.

“தெரியும்”, என்றார்.

“எப்பத் தெரியும்?”

“கீ வந்த அன்னிக்கே. இங்கதான் உக்காந்து டிக் அடிச்சேன்.”

தொட்டி, மிதவை. நான் அன்றைக்கு அதைக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை.

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆவப்போவுது? நீ மொதல்ல கீ தப்பும்ப. அப்புறம் நூலகத்துக்குப் போவ. அப்புறம் அழுவ. கடைசி வரைக்கும் போயிட்டுத்தான் வந்திருக்க.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“உங்களுது சரின்னு தெரிஞ்சும் எதுக்குங்க என் விடையப் போட்டீங்க?”

கொடியில் கிடந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே நின்றார். இடையில் நானே பதில் சொல்லிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு எழுபத்து மூணு பஞ்சாயத்துன்னுதான் தோணுச்சு. பேனாவ அங்கதான் கொண்டுபோனேன். அப்பப் பாத்து ‘பஸ்ஸு எங்கங்க கெளம்புது’ன்னு நீ கேட்டது காதுல கேக்குது. நேர்ல நிக்கிற மாதிரி கேக்குது. நாம சொல்லி எது சரியா இருந்திருக்கு, அவதான் எல்லாத்தையும் பாத்துக்கிறான்னு உன் கட்டத்த நிரப்பிட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு.”

என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதனால்தான் அதிகம் வலித்தது. ‘நாம சொல்லி எது சரியா இருந்திருக்கு’ என்று ஒரு மனுஷன் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து நினைக்கும்படி நான் பத்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பத்தொன்பது கேள்வியில் அவர்தான் சரி என்பதையும் சொன்னேன். நம்பவில்லை. கீழே அழைத்துவந்து ஓட்டிக் காட்டினேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவ ஓட்டு”, என்றார். ஓட்டினேன். “நானா?” என்று கேட்டார். “நீங்கதான்”, என்றேன். அத்தை வந்து என்ன என்று கேட்டார்கள். “ஒண்ணுமில்லம்மா”, என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அப்போதே தீர்ப்பு தயாராகிவிட்டது. அவர் போக வேண்டாம். எனக்கு வேலை வந்துவிடும், அவர் இங்கேயே சர்வீஸ் பார்த்துக்கொண்டு அடுத்த தேர்வை எழுதட்டும். சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

“மஸ்கட் விஷயத்துல நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “யோசிக்கணும்”, என்றார்.

யோசிக்கட்டும். போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? கேட்டது தப்போ என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்றைக்குத்தான் கடைசி நாள்.

காலையில் குளித்து, படிப்பதற்காக வேலையை விட்ட பழைய ஏ.சி. கடைக்குப் போய் முதலாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எதற்கு என்று சொல்லவில்லை. கணக்கு முடித்துக்கொண்டு வரத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிறகு, திரும்ப வேலை கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மாற்றி மாற்றி நினைத்ததில் ரசத்துக்குப் புளி போட மறந்துவிட்டேன். பாஸ்போர்ட் டி.வி. மேலேயே இருந்தது. இரண்டு தடவை அதன்மேல் தூசி துடைத்தேன்.

மத்தியானம் வரைக்கும் தாங்கினேன். பிறகு போனை எடுத்துச் சிங்காரவேல் அண்ணன் நம்பரைப் போட்டுவிட்டேன். “அவரு வரமாட்டாரு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் போயிற்று, பிறகு அவரைச் சமாளித்துக்கொள்ளலாம். மணி அடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது, அந்த ஒன்பதோடு இது பத்தாவது. கட் பண்ணிவிட்டேன்.

அவர் வந்தபோது சாப்பாடு போட்டேன். ரசம் என்னவோ மாதிரி இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்ட மாதிரி நிமிர்ந்து பார்த்தார். “புளி போட மறந்துட்டேன்”, என்றேன். கடையில் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு மனுஷி எவ்வளவுதான் பொறுப்பாள்?

நாலு மணிக்குப் போன் அடித்தது. திரையில் சிங்காரவேல் அண்ணன் பேர். போன் என் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் நீட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். அப்படியும் மனசு கேட்கவில்லை, குழாயை மூடிவிட்டேன்.

“சொல்லுங்க மச்சான். அப்படியா? அவ கால் பண்ணாளா, பாதியில கட்டாயிடுச்சா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் அண்ணன்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு இவர் தொண்டையைச் செருமினார்.

“மச்சான், நான் வரல. தப்பா நெனைக்காதீங்க. மூணு மார்க்குதான் கொறச்சல், என்னால எடுக்க முடியும்னு தெரிஞ்சிபோச்சு. காலைல கடைல பேசிட்டேன், மொதலாளி பாதி நாள் வந்தாப் போதும்ட்டாரு. மிச்ச நேரம் படிச்சு அடுத்த தடவ எழுதுறேன்.”

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

“இல்ல மச்சான், அவ சொல்லல”, என்றார். அண்ணன் ஏதோ சிரித்திருக்க வேண்டும், இவரும் சிரித்தார். “நெசமாத்தான். அவ ஒண்ணுமே சொல்லல. நான்தான் சொல்றேன்.”

பிறகு, “அவகிட்ட எதுக்கு மச்சான் போன குடுக்கணும்? நான் சொன்னா போதாதா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர், “அப்ப சரி”, என்று போனை வைத்துவிட்டார்.